பாட்டு நின்றால் எழுதும் பெட்டி

பூவனநாதனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுமே கோபம் வருகிறது, என்ன செய்ய? கோவில்பட்டியில் அவருடைய மைக் செட் கடைக்கும் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். காலையில் அவர் முருகன் பாட்டைப் போட்டால் என் அலமாரியில் உள்ள கண்ணாடிகள் எல்லாம் கிடுகிடுவென்று ஆடும். பார்வை சோதிக்க வந்தவர்கள் எழுத்து நடுங்குகிறது என்பார்கள். நடுங்குவது கண்ணா கடையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

"சத்தத்தக் கொஞ்சம் குறையும் ஓய்" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

"வேலை நடக்கையில பாட்ட நிறுத்தக் கூடாது அண்ணாச்சி. பாட்டு நின்னா வேலையும் நின்னு போவும்" என்பார்.

அது அவருடைய வேதம். தன் கல்யாணத்துக்குத் தானே ஸ்பீக்கர் குழாய் கட்டி, மணவறையில் ஏறப் போகும்போதும் ஆம்ப்ளிஃபயரை ஒரு திருகு திருகிவிட்டுப் போனவர் அவர். பிறகு கல்யாண வீடியோவும் எடுக்க ஆரம்பித்தார். அதிலும் பாட்டுத்தான். நலுங்கு தொடங்கி மறுவீடு வரைக்கும் சினிமாப் பாட்டு ஓடும். கல்யாணத்துக்கு வந்தவர்கள் வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள், ஒரு சொல் கேட்காது.

இரண்டாயிரத்து எட்டில், கரண்ட் கட்டில் ஊரே வெந்துகொண்டிருந்த நாளில், புதுசாக ஒரு பெட்டி வாங்கினார். உள்ளே நாலு ஹார்டு டிஸ்க். முன்னறையில் எடிட்டர் சுடலைக்குமார் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுகிற வீடியோ, நெட்வொர்க் கேபிள் வழியாகப் பின்னறையில் இருக்கும் இந்தப் பெட்டிக்குப் போகும். பெட்டி அதைத் துண்டு போட்டு நாலு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் எழுதும். நாலு பேர் சேர்ந்து சப்பரம் தூக்குகிற மாதிரிதான். நடை வேகமாக இருக்கும். ஆனால் ஒருத்தன் கால் இடறினால் மற்ற மூன்று பேரும் நின்றுதான் ஆக வேண்டும். இத்தனை அருமையான பெட்டியை எங்கே வைத்தார் தெரியுமா? அவர் முதன்முதலாக வாங்கிய பெரிய பேஸ் ஸ்பீக்கரின் தலையில். அது ராசியான ஸ்பீக்கராம்.

அந்தப் பெட்டிக்கு வந்த முதல் வேலை சீனியின் கல்யாணம். சீனி கப்பலில் வேலை பார்ப்பவன். எப்போதும்வென்றான் கிராமத்தில் இருக்கும் அவன் அம்மா மாரித்தாய், கல்யாணத்துக்கு முந்தின வாரம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு கட்டிலோடு கிடந்தார். பெற்றது ஒரே மகன், அவன் தாலி கட்டுவதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. சீனி வெள்ளிக்கிழமை கப்பலுக்குப் போகிறான், திரும்பி வர வருஷம் ஆகும். "அதுக்குள்ள எங்கம்மா பக்கத்துல உக்காந்து ஒரு தடவயாவது பாத்துரணும் அண்ணாச்சி" என்று பூவனநாதனின் கையைப் பிடித்துக் கேட்டான். அவரும் நெஞ்சில் அடித்துச் சத்தியம் செய்தார். மாரித்தாய் தன் பழைய கண்ணாடியை என்னிடம் கொடுத்தனுப்பி, அதே பவரில் புதுசு கேட்டிருந்தார். கண்ணாடி தயாராகிவிட்டது. கல்யாணம்தான் தயாராகவில்லை.

"பெட்டிய வாசிக்கச் சொன்னா ஒருமாதிரி வாசிச்சிருது. எழுதச் சொன்னாத்தான் சவம் நொண்டுது" என்று சுடலைக்குமார் தலையில் கை வைத்துக்கொண்டான். இந்த வேகத்தில் போனால் சீனிக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் கல்யாண வீடியோ வரும் என்றான்.

திருநெல்வேலியிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்தார். வெளியூர்க்காரர் வந்திருக்கிறாரே என்று பூவனநாதன் பாட்டை இன்னும் கூட்டி வைத்தார். எஞ்சினியர் பெட்டியை முன்னறைக்குத் தூக்கி வந்தார். அங்கே வேறு பிளக் இல்லை. ஆம்ப்ளிஃபயர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் சொருகினார். பெட்டி குதிரையாய்ப் பறந்தது. "அப்ப பெட்டி நல்லாருக்கு, நெட்வொர்க்லதான் கோளாறு" என்று கேபிளை மாற்றினார், சுவிட்சை மாற்றினார், பெட்டியைப் பழையபடி பின்னறையில் ஏற்றினார், பாட்டும் வந்தது. மறுபடியும் நொண்டல். கடைசியில் "எர்த் சரியில்ல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

எர்த் குழிக்கு உப்பு, கரி, அதன்மேல் குடம் குடமாகத் தண்ணீர். குழாயில் தண்ணீர் வந்து வாரக்கணக்காகிற ஊரில், லாரித் தண்ணீரைப் பிடித்து ஒருவர் மண்ணுக்கு ஊற்றினால் தெரு சும்மா இருக்குமா? பெண்கள் குடத்தோடு சண்டைக்கு வந்தார்கள். சண்டைச் சத்தம் கேட்காமலிருக்கப் பூவனநாதன் இன்னும் கொஞ்சம் பாட்டைக் கூட்டினார்.

அப்போதுதான் கரண்ட் போனது. கம்ப்யூட்டரும் பெட்டியும் இன்வெர்ட்டரில் ஓடின. திடீரென்று சுடலைக்குமார், "அண்ணாச்சி, ஓடுது! கரண்ட் போனா ஓடுது!" என்று கத்தினான்.

பூவனநாதன் அன்றே முடிவு கட்டிவிட்டார், மின்வாரியத்துக் கரண்டில்தான் தோஷம் என்று. ஊரெல்லாம் கரண்ட் வரவேண்டுமென்று சாமி கும்பிட, இவர் ஒருத்தர் போகவேண்டுமென்று தேங்காய் உடைத்தார். போகாத நேரத்தில் தன் கடை ஃபியூஸ் கட்டையைத் தானே பிடுங்கினார். ஆனால் வேலை பாதியில் நிற்கும்போதே இன்வெர்ட்டர் பேட்டரி தீர்ந்துவிடும். சார்ஜ் ஏற்ற ஃபியூஸைப் போட்டால் முருகனும் கூடவே வந்துவிடுவார். "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான ஆகணும்" என்று சுடலைக்குமார் என் கடைக்கு வந்து அழாத குறையாகச் சொன்னான்.

வியாழக்கிழமை காலை என் அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி ஆடி ஆடி வந்து கீழே விழுந்து உடைந்தது. மாரித்தாயின் புதுக் கண்ணாடி! எனக்குத் தலைக்கேறிவிட்டது. நேரே அவர் கடைக்குள் போய் ஆம்ப்ளிஃபயர் வயரைப் பிடித்து ஒரே இழுப்பு.

"அண்ணாச்சி, ஓடுது!" என்றான் சுடலைக்குமார்.

"ஏலே, யாரைக் கேட்டுப் பாட்ட நிறுத்துன?" என்று பூவனநாதன் பின்னறையில் நின்று என்னைப் பார்த்து அலறினார். குழாயில்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கிற தொண்டை அது.

"இப்ப நின்னுட்டு" என்றான் சுடலைக்குமார்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். "இன்னொரு தடவ ஏசுங்க அண்ணாச்சி" என்றான். ஏசினார். வேகம் சரிந்தது. வாயை மூடினார். ஏறியது. டிஸ்கில் எழுதுகிற முள் அதிர்வில் இடம் தவறித் தவறித் திரும்ப எழுதுகிறது என்று சுடலைக்குமாருக்கு விளங்கிவிட்டது. எஞ்சினியர் ஆம்ப்ளிஃபயரைப் பிடுங்கியபோதும் கரண்ட் போனபோதும் பாட்டு நின்றிருந்ததே! பெட்டியைத் தரையில் இறக்கிவைத்துப் பாட்டைப் போட்டுப் பார்த்தார்கள். என் கடையே ஆடும்போது அவர் கடைத் தரை ஆடாதா? நொண்டல்தான்.

அன்று பகல் முழுக்கப் பூவனநாதன் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு இல்லை. பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்காமல் வீடியோவுக்குப் பாட்டுச் சேர்க்க விடமாட்டார். ஹெட்போனில் கேட்பதெல்லாம் பாட்டே இல்லை என்பது அவர் கட்சி. ஆகவே சீனியின் கல்யாணம் பாட்டே இல்லாமல், கேமராவில் பதிந்த சத்தத்தோடு டிவிடியில் ஏறியது. மானம் போச்சு என்று அவர் கண் கலங்கியதைப் பார்த்து, எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலமே மாரித்தாய்க்கு வேறு கண்ணாடி செய்து எடுத்துக்கொண்டு, பூவனநாதனோடு அவர் வண்டியிலேயே எப்போதும்வென்றானுக்குப் போனேன்.

கட்டிலில் சாய்ந்திருந்த அம்மாவின் பக்கத்தில் சீனி. டிவியில் முதலில் கேட்டதே முதல் நாள் ராத்திரிப் பந்தியில் உட்கார்ந்திருந்த பொம்பளைகளின் பேச்சு. "ரசத்துல உப்பில்லட்டி" என்றது ஒரு குரல். அடுத்தது: "சீனி அம்மா வராததும் நல்லதுக்குத்தான். வந்திருந்தா இந்நேரம் ஒரு சண்டை நடந்திருக்கும்லா!" எல்லாரும் சிரிக்கிற சத்தம்.

பூவனநாதன் தலையைப் பிடித்துக்கொண்டார். மாரித்தாயோ புதுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "யாரு, சுப்புத்தாயா? ஏட்டி, எந்திரிச்சு வாரேன் இரு, ஒன்ன வச்சுக்கிடுதேன்" என்று டிவியோடு சண்டைக்குப் போனார். உப்பில்லாத ரசத்துக்குச் சமையல்காரனை ஏசினார். இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தார்.

தாலி கட்டும் நேரம் வந்தது. கெட்டிமேளம் தொடங்குவதற்குள், சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றவர்களிடம் சீனி தாழ்ந்த குரலில் சொன்னது கேட்டது: "கேமராவ மறைக்காதீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எங்கம்மா பாக்கணும்லா."

எப்போதும்போல் பாட்டுப் போட்டிருந்தால் அது யார் காதிலும் விழுந்திருக்காது. மாரித்தாய் மகன் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு, "பூவனநாதா, அதத் திருப்பிப் போடு" என்றார். "சத்தத்தக் கூட்டி வையி."

பூவனநாதன் எழுந்து போய்க் கூட்டினார். "இன்னும் கொஞ்சம் கூட்டும் ஓய்" என்றேன் நான்.