டைலர் கதவைத் தட்டவில்லை

என் மதினி நூருன்னிஸாவைப் பற்றி எழுதுவதென்றால், அவருடைய கணவரும் என் அண்ணனுமான ஸக்கரியா நானாவின் ஊகங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். நானா மாத்தளைக் கடைவீதியில் மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்றவர். விலை ஏறும் என்று அவர் சொன்னால் இறங்கும். தேர்தலில் வெல்வார் என்று அவர் கை காட்டிய ஆளுக்குக் கட்டுக்காசும் மிஞ்சாது. மழை வராது என்று சொல்லி மிளகை முற்றத்தில் காயப்போடுவார். மதினி மிளகை மூடப் படங்கை எடுத்து வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்ச் சிரிப்பார். பிள்ளைகள் இல்லாத வீடு அது. அந்தச் சிரிப்புத்தான் வீட்டின் சத்தம்.

நான் குடும்பத்தின் பட்டதாரி. பேராதனையில் சரித்திரம் படித்துவிட்டு, நாவுலப் பக்கம் ஒரு பாடசாலையில் அதையே திருப்பிச் சொல்லிச் சம்பளம் வாங்கினேன். பட்டதாரி வானொலி நாடகம் கேட்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. நானே போட்டு நானே மதித்து வந்தேன்.

எழுபத்திரண்டாம் ஆண்டில் வியாழக்கிழமை மாலைகளில் 'பங்களாவில் அறுவர்' என்றொரு மர்ம நாடகம் ஒலிபரப்பானது. ஒருவரை ஒருவர் அறியாத ஆறு பேரை வெவ்வேறு தெருக்களிலிருந்து யாரோ கடத்திப் போய் ஒரு பங்களாவில் பூட்டிவிடுகிறார்கள். கடத்தியவன் அந்த ஆறு பேரில் ஒருவனாகவே உள்ளே இருக்கிறான். அவன் யார் என்பதுதான் கதை. மாத்தளையில் பாதிப்பேர் வியாழக்கிழமைகளில் வேறு வேலை பார்க்கவில்லை. நான் மட்டும் வீதியில் உலாவி, எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் அதைக் கேட்காமல் இருந்தேன்.

மூன்றாம் வாரம் முடிந்ததும் நானா தீர்ப்புச் சொன்னார்: கடத்தியவன் டைலர். ஆறு பேரில் வாயே திறக்காத ஆள் அந்த டைலர். மதினிக்குச் சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணி புரையேறிவிட்டதாம். ஏன் டைலர் என்று கேட்டதற்கு, "அடுத்த வியாழக்கெழம சொல்றேன், சிரிச்சு முடி" என்றாராம் நானா. மறுநாள் காலை கடையில் தராசுக்குப் பக்கத்தில் சாய்ந்தவர் எழும்பவில்லை.

மதினி இத்தா இருந்தார். கணவனை இழந்தவர் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கும் காலம். கணவனின் தம்பியும் அந்த அந்நியர்களில் சேர்த்தி. ஆகவே எங்களுக்கு நடுவில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் துணையாக மதினியின் பீபி மாமி. மாமி வந்த அன்றே, மௌத்து வீட்டில் இது எதற்கு என்று வானொலிப் பெட்டியைச் சாக்கில் சுற்றிக் கடைக்கு அனுப்பிவிட்டார்.

மதினி பேசவில்லை, அழவும் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று ஊரெல்லாம் கவலைப்பட்டது. படித்தவன் போய் நாலு வார்த்தை சொன்னால் தேறுவார் என்று என்னை அனுப்பினார்கள். வாழ்வின் நிலையாமை பற்றி நல்ல உரை ஒன்றைத் தயாரித்துக்கொண்டு போனேன். இரண்டாவது வாக்கியத்தில் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, டைலரா?"

"என்ன டைலர், மதினி?"

"வியாழக்கெழம நாடகம். கடத்தினது டைலரான்னு கேக்கிறேன்."

"இந்த நேரத்தில போய்..."

"ஒங்க நானா டைலர்னு சொன்னாரு. நான் சிரிச்சேன். அதுதான் கடைசியாப் பேசினது. ஒரே ஒரு தடவ அவரு சொன்னது சரியாப் போயிருந்தா, சிரிச்சதுக்கு நான் மாப்புக் கேட்டுக்குவேன். கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

என் உரையை மடித்து வைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை லாபிரின் தேத்தண்ணிக் கடையில் முதல் பெஞ்சில் இருந்தேன். "மாஸ்டர் நம்ம பக்கம் வந்துட்டாரு!" என்று லாபிர் சத்தம் போட்டு, எல்லாரையும் தள்ளி உட்கார வைத்தார். கேட்டு முடித்து நேரே போய்த் திரை முன்னால் நின்று சொல்லத் தொடங்கினேன்.

"அறுவரும் அடைபட்டதன் பின்னணிக் காரணங்களை முதலில் நோக்குவோம்."

"இவன் பள்ளிக்கூடத்துலயும் இப்பிடித்தானா?" என்றார் பீபி மாமி. "புள்ளைங்க பாவம்."

"நடந்தத மட்டும் சொல்லுங்க தம்பி."

"விளக்கு அணைந்ததும் நர்ஸ் அலறினாள்."

"எப்பிடி அலறினா?"

"உரத்து."

"அலறிக் காட்டுங்க."

நான் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு அலறினேன். பக்கத்து வீட்டு அப்துல் ஸமத் ஹாஜியார், இன்னொரு மௌத்து என்று நினைத்துத் தொப்பியைத் தேடிக்கொண்டே ஓடி வந்தார். வரலாற்றுப் பாடம் என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன்.

வாரத்துக்கு வாரம் முன்னேறினேன். லொறி டிரைவரின் இருமல் எனக்கு நன்றாக வந்தது. கல்யாணப் பெண்ணின் விசும்பல் கடைசிவரை வரவில்லை. நாடகத்தைக் கடைக்கு அனுப்பிய பீபி மாமியே, "அந்த நர்சுப் புள்ளைக்குச் சாப்பாடு ஏதும் குடுத்தானுங்களா?" என்று கேட்கும் நிலைக்கு வந்தார். மதினி மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்பார்: "டைலரா?"

"இன்னும் தெரியல்ல, மதினி."

அடுத்து வந்த ஒரு வியாழக்கிழமை, வானொலியில் மணியடித்து முடிந்ததும் நாடகத்துக்குப் பதிலாக ஒரு கனத்த குரல் வந்தது. இன்று முதல் இந்த நேரத்தில் மிளகாய்ச் செய்கை பற்றிய நிகழ்ச்சி இடம்பெறும் என்றது. காரணம் சொல்லவில்லை. ஆறு பேரையும் உள்ளே வைத்தபடியே பங்களாவைப் பூட்டிவிட்டார்கள். லாபிர் வானொலிப் பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். மிளகாய் தொடர்ந்தது.

திரை முன்னால் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"நிண்டு போச்சா?" என்றார் மதினி. பிறகு மெதுவாக, "வேற ஆளுன்னு வந்துட்டு, அப்பிடித்தானே? நானாவ விட்டுக் குடுக்க மனசில்லாம மறைக்கிறீங்க."

"வல்லாஹி, மிளகாய்ச் செய்கை, மதினி!"

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்," என்றார் பீபி மாமி. "மொளகாயாம்."

எனக்குப் பொய் சொல்ல வராது என்று குடும்பத்தில் ஒரு பெயர் உண்டு. உண்மையும் சொல்ல வராது என்பது அன்றுதான் தெரிந்தது. சாட்சிக்கு லாபிரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"ராத்தா, நெசமாத்தான் நிப்பாட்டிட்டாங்க," என்றார் லாபிர். "வியாழக்கெழம யாவாரமே படுத்துட்டு. மொளகா நடுறதக் கேக்க எவன் தேத்தண்ணி குடிப்பான்?"

குரலில் இருந்த வேதனையை மதினி நம்பினார். என் அலறல் முதல் சத்தியம் வரை எதற்கும் கிடைக்காத மதிப்பு அதற்குக் கிடைத்தது.

"அப்ப இனிமே தெரியவே தெரியாது," என்றார் மதினி. பிறகு அவரே கேட்டார்: "கதவு பூட்டின ஒடனே எல்லாரும் போய்த் தட்டினாங்க. நர்சு, டிரைவர், போஸ்ட்மாஸ்டர், அந்தப் பொண்ணு, கண்ணு தெரியாதவர்கூட. நானும் அவரும் ஒண்டாத்தான் கேட்டோம். டைலர் தட்டல்ல. பொறகாவது தட்டினானா?"

நான் யோசித்தேன். கண்டி அரசர்களை வரிசையாகச் சொல்வேன். இது ஞாபகமில்லை.

"இல்ல ராத்தா," என்றார் லாபிர். "அவன் மூலையில ஒக்காந்து சட்டைக்குப் பொத்தான் தச்சுக்கிட்டே இருந்தான். ஒரு தரமும் தட்டல்ல."

"அப்ப அதுதான் அவரு கண்டுபிடிச்சது."

"அட!" லாபிர் தொடையில் அடித்தார். "உள்ளேருந்து பூட்டினவன் எதுக்குத் தட்டுறான்? ஸக்கரியா நானா சொன்னது சரிதான். டைலர்தான் கள்ளன்!"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாழ்நாளில் ஒரு தடவை நானா சரியாகச் சொல்லியிருக்கிறார். மதினி மாப்புக் கேட்கட்டும், பக்கத்தில் நாமும் கை ஏந்துவோம் என்று கையைக்கூடத் தூக்கிவிட்டேன்.

திரை அசைந்தது. உள்ளே ஒரு சிரிப்பு, முதலில் மூக்கால், பிறகு வாயால்.

"இல்ல தம்பி. பிழை."

"எப்பிடிப் பிழை? தட்டவே இல்லையே!"

"நானும்தான் இந்த அறையில இருக்கிறேன். ஒரு தரம் தட்டினேனா? எந்திரிச்சுப் பாத்தேனா?" சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. "தட்டாதவனெல்லாம் பூட்டினவனா? வெளிய போனா எங்க போறதுன்னு அவனுக்குத் தெரியாம இருந்திருக்கும். வீட்டுல ஆளில்லாம இருந்திருக்கும், பாவம். இந்த மனுசன் இதையும் பிழையாவே சொல்லிட்டுப் போயிருக்காரு."

அதோடு சிரிப்பு அழுகையானது. நானா மௌத்தான பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் அழுகை. பீபி மாமி திரையிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "போங்க ரெண்டு பேரும், போங்க," என்று கையசைத்தார். அவர் முகமும் நனைந்திருந்தது. நான் தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தேன்.

இத்தா முடிந்ததும் வானொலிப் பெட்டி திரும்பி வந்தது. மதினி வியாழக்கிழமை தவறாமல் மிளகாய்ச் செய்கை கேட்டார். நானா மிளகு காயப்போட்ட முற்றத்து ஓரத்தில் மிளகாய் நட்டார். யட்டவத்தையிலிருந்து கடைவீதிக்கு மிளகு கொண்டு வந்தவர்கள் திரும்பும்போது அவரிடம் நாற்று வாங்கிப் போனார்கள். பிழையாக ஊகம் சொல்வதில் நானாவின் இடத்துக்கு நான் அமர்த்தப்பட்டேன். போகிற நேரமெல்லாம் ஏதாவது ஊகம் சொல்வேன். வாசலில் படங்கு வந்துவிடும். டைலர்தான் என்று புதுப்புதுக் காரணங்களுடன் ஒவ்வொரு தடவையும் வாதாடினேன். "ஒங்க நானாவே தேவலை," என்பார் மதினி. இப்படியே வருஷங்கள் போயின.

போன வெள்ளிக்கிழமை மதினியை அடக்கினோம். மையவாடிக்குப் போகும்போது லாபிர் வானத்தைப் பார்த்துவிட்டு, குடைகள் எடுக்கவா என்று கேட்டார். மழை வராது என்றேன். எல்லாரும் நனைந்து திரும்பினோம்.

நேற்றுக்கூட அந்த வீட்டுப் பக்கம் போனேன். பீபி மாமி மிளகாய்ச் செடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டைலர் பற்றிப் புதிதாக ஒரு காரணம் தோன்றியிருந்தது. இதுவரை சொல்லாதது, நல்ல காரணம். மாமியிடம் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரியா இருக்கும், மகன்," என்றார். எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.