பேட்டரி தண்ணியும் சாவித்திரி அக்காவும்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறேகால். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் சாவித்திரி அக்கா வீட்டு மாடியில், வெயிலில் குடிநீர் வடிக்கும் எங்கள் ஆறு தட்டுகள். ஐந்தின் கண்ணாடியைத் துடைத்திருந்தேன். அப்போது அவர் தம்பியிடமிருந்து போன். “அக்கா போயிருச்சுங்க.” ஆறாவதையும் துடைத்தேன். விட்டிருந்தால் திட்டியிருப்பார்.

அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும்: வேதியியல் படித்தவர், வாயாடி. எங்கள் சிறு குழுவில் துணிக்குக் கரி பூசுவதும் ஊராரிடம் பேசுவதும் அவர் வேலை. கணக்கும் கோபமும் என்னுடையவை.

தட்டு எளிமையானது. நீரில் மிதக்கும் தெர்மாகோல், அதன்மேல் கரி பூசிய பருத்தித் துணி. துணி உறிஞ்சும் நீரை வெயில் ஆவியாக்கும். ஆவி சாய்ந்த கண்ணாடியில் பட்டு நல்ல நீராக வடியும். போர்வெல் தண்ணீரின் உப்பும் ஃபுளோரைடும் கீழேயே தங்கிவிடும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் பழுப்பாகத் தெரிவது அந்த ஃபுளோரைடுதான்.

ஊர் அந்த நீரைக் குடிக்கவில்லை. டிராக்டர் பேட்டரிக்கு ஊற்றியது. ‘பேட்டரி தண்ணி’ என்று பெயரும் வைத்தது. டிராக்டர்காரர் பெருமாள் கேனோடு வந்தபோது நான் கத்தினேன். அக்கா என்னை ஒதுக்கிவிட்டுச் சொம்பை நீட்டினார்.

“மொதல்ல குடிங்க மாமா, அப்பறம் கேனை நெரப்பிக்கங்க.”

“சப்புனு இருக்குது புள்ள. வூட்டுக்கு வர்ற ஒறம்பரைக்கு இதக் குடுத்தா துப்பிருவாங்க.”

“டிராக்டரு துப்புலையே! அதுக்கு ஊத்தறீங்க, பேத்திக்கு ஊத்த மாட்டீங்களா?”

விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு குடித்தார். அன்றிலிருந்து கேனுக்கு ஒரு சொம்பு என்பது சட்டம். “இது லஞ்சம்க்கா” என்றேன். “வெயிலு சூடு பண்ணும். வாயில கொண்டாந்து ஊத்துமா?” என்றார்.

கடைசியாகப் பார்த்தது தருமபுரி ஆஸ்பத்திரியில். இந்த மாத லிட்டர் கணக்கைச் சொன்னேன். “பெருமாள் மாமா பேத்தி குடிக்குதா?” என்று கேட்டார். தெரியாது என்றேன்.

“பின்ன என்னத்தடா அளக்கற?”

அந்த ஞாயிற்றுக்கிழமை துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பெருமாள் ஒரு குடத்திலிருந்து மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர் ஒருவர் தயங்கினார். “பேட்டரி தண்ணிதானுங்க, குடிங்க. எங்க பாப்பா தெனமும் குடிக்கறதுதான்.”

அக்காவின் சொம்பு இப்போது என்னிடம் இருக்கிறது. இனி நான் செய்யப்போவது:

1. ஆறு துணிகளிலும் படிந்த உப்பை அலசுவது.
2. ஆறு தட்டு நீர் இரண்டு வீட்டுக்கே போதாது. பெருமாள் வீட்டு மாடியில் இன்னும் ஆறு வைப்பது.
3. எத்தனை லிட்டர் என்று எழுதும் முன், யார் குடித்தார்கள் என்று கேட்பது.