யாரோ ஒருத்தியின் குளிசை

இன்று மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் நிரப்பக் கொடுத்தார்கள்.

'பிள்ளைக்கு ஏதாவது நோய் உண்டா?' என்ற இடத்தில் என் பேனை நின்றுவிட்டது.

மகளுக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் இருந்தது. வலிப்பு.

(கணவருக்குத் தெரியும். பயப்படாமல் மேலே வாசியுங்கள்.)

பத்து வயதில் தொடங்கியது. காலை, மத்தியானம், இரவு என்று மூன்று நேரமும் குளிசை. ஒழுங்காகப் போட்டால் ஒன்றும் வராது.

அடுத்த வருடம் திருகோணமலை டவுனில் ஒரு கிறிஸ்தவத் தனியார் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அங்கேயும் இதே கேள்வி. அம்மா 'இல்லை' என்று எழுதினார்.

"வலிப்பு எண்டு எழுதினா எடுக்க மாட்டினம். ஊருக்கும் தெரிஞ்சு போகும். பிறகு உன்ர கலியாணத்துக்கு ஆர் வருவினம்?"

எனக்குப் பதினொரு வயது. கலியாணம் அவ்வளவு அவசரமாகத் தேவைப்படவில்லை.

பள்ளிக்கூடத்து சிக் ரூம் கதவில் விதிகள் ஒட்டியிருக்கும். மருந்தை மாணவிகள் தம்மிடம் வைத்திருக்கக் கூடாது. டொக்டர் எழுதித் தந்த துண்டு வேண்டும். ஒருவரின் மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

நான் மத்தியானக் குளிசையைக் கடதாசியில் சுற்றி, கொம்பாஸ் பெட்டிக்குள் கொண்டுபோனேன். தண்ணீர்க் குழாயடியில் யாரும் பார்க்காமல் விழுங்குவேன். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

யுத்தம் மும்முரமான காலம் அது. காலையில் கேற்றடியில் பெற்றோர் முறைவைத்து எங்கள் பைகளைச் சோதிப்பார்கள். கொம்பாஸ் பெட்டியை யாரும் திறப்பதில்லை.

அன்று முறைக்கு வந்த அன்ரி திறந்தார்.

நேரே சிக் ரூமுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் பிலோமினா. முன்பு நேர்ஸாக இருந்தவர்.

"என்ன குளிசை இது?"

"தலையிடிக்கு, சிஸ்டர். பனடோல்."

"பனடோல் இஞ்ச இருக்கு. தலையிடிச்சா வாரும், தாறன். பேரில்லாத குளிசையை வைச்சிருக்க ஏலாது."

அதைக் கைகழுவும் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போய்ப் போடலாம் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன்.

ஒரு மணிக்குக் கிட்ட துறைமுகப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. யன்னல்கள் ஆடின. எங்களையெல்லாம் ஹோலுக்குள் கூட்டிப்போய் நிலத்தில் இருத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் பிரின்சிபல் வந்தார்.

"றோட்டைப் பூட்டிப் போட்டாங்கள். பெற்றோர் வரும் வரைக்கும் ஒருத்தரும் வெளியில போக ஏலாது."

எங்கள் வீடு டவுனுக்கு வெளியே, உப்புவெளியில். பஸ் இல்லை.

மற்றப் பிள்ளைகள் அடுத்த சத்தம் எப்போது வரும் என்று காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். நான் என் இடது கைப் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கேதான் தொடங்கும்.

நான்கு மணியளவில் அது தானாகத் துடித்தது.

எழுந்து சிக் ரூமுக்குப் போனேன்.

"சிஸ்டர், காலமை நான் பொய் சொன்னனான்."

"தெரியும். தலையிடிக்காரர் ஒருத்தரும் பனடோல் கேக்காமல் போறேல்ல."

"எனக்கு வலிப்பு, சிஸ்டர். மத்தியானம் குளிசை போடேல்ல. விரல் துடிக்குது. அம்மாவை ஏசாதேங்கோ. என்னைப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டிப் போடாதேங்கோ."

சிஸ்டர் கிட்ட வந்தார். விரலைப் பார்த்தார். கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்.

"குளிசையின்ர பேர் தெரியுமோ?"

பெயரையும் மில்லிகிராமையும் ஒப்புவித்தேன். (அம்மா வாய்ப்பாடு போல எனக்குப் பாடமாக்கி வைத்திருந்தார்.)

சிஸ்டர் அலுமாரியைத் திறந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒரு சிறிய பெட்டியை எடுத்தார். ஒட்டியிருந்த துண்டை இரண்டு தரம் வாசித்தார். பெட்டியைக் கையில் வைத்தபடி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கதவில் இருந்த விதிகளை எழுதியவரே அவர்தான்.

பிறகு பக்கத்து ஒஃபிஸுக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் எடுத்தார். லைன் கிடைக்கும் வரை திரும்பத் திரும்பச் சுழற்றினார். கடைசியில் அவர் பேசும் குரல் கேட்டது.

"ஓம் டொக்டர், அதே மருந்துதான். அதே அளவுதான். வேற பிள்ளையின்ர... ஓம். நான் பக்கத்திலயே இருப்பன்."

வந்து கொப்பியில் நேரத்தை எழுதினார். ஒரு குளிசையும் தண்ணீரும் தந்தார்.

விழுங்கிய பிறகுதான் கேட்டேன்.

"ஆரின்ர குளிசை, சிஸ்டர்?"

"உம்மைப் போல ஒரு பிள்ளையின்ர."

"இந்தப் பள்ளிக்கூடத்திலயோ?"

"ஓம். பேர் சொல்ல ஏலாது. உம்மட பேரையும் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

நான் அழத் தொடங்கினேன். திருகோணமலையிலேயே நான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்திருந்தேன். இதே கட்டடத்தில், இதே சட்டை போட்டுக்கொண்டு, இன்னொருத்தி இருந்திருக்கிறாள்.

விரல் அடங்கும் வரை சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு றோட்டுத் திறந்தது. அப்பா சைக்கிளில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் திறந்தது. அம்மா டொக்டரின் துண்டோடும் ஒரு பெட்டிக் குளிசையோடும் வந்தார். கதவடியிலேயே அழுகை.

"பிள்ளையை நிப்பாட்டிப் போடுவியளோ, சிஸ்டர்?"

"ஏன் நிப்பாட்டோணும்? தண்ணியில கரைச்சு ஊத்தினது பிள்ளையின்ர மருந்தெண்டு தெரிஞ்ச நேரம் என்ர நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்? அதை மட்டும் யோசியுங்கோ."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். சிஸ்டர் எங்கள் பெட்டியிலிருந்து ஒரு குளிசையை எடுத்து, மற்றப் பிள்ளையின் பெட்டிக்குள் வைத்தார்.

அதன் பிறகு ஓ லெவல் முடியும் வரை தினமும் மத்தியானம் சிக் ரூமில்தான் குளிசை. போகும்போதும் வரும்போதும் எதிரே வரும் முகங்களைப் பார்ப்பேன். இவளோ, அவளோ? சிஸ்டர் எங்கள் இருவரையும் வேறு வேறு நேரத்துக்கு வரச் சொல்லியிருக்க வேண்டும். கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

பத்தொன்பது வயதில் டொக்டர் குளிசையை நிறுத்தினார். இன்றுவரை வலிப்புத் திரும்பி வரவில்லை.

அந்தப் பிள்ளையே, நீங்கள் இதை வாசிப்பீர்களோ தெரியாது. ஒரு நாள் உங்கள் குளிசையை விழுங்கியது நான்தான். மிகவும் நன்றி.

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா?