மயினி குடை மடித்த நேரம்

குடையை அவ்வளவு மெதுவாக மடிப்பவர்களை நான் நம்புவதில்லை. மயினி அப்படித்தான் மடிப்பார். ஒவ்வொரு மடிப்பாக நீவி, பட்டையைச் சுற்றி, பொத்தானை அழுத்திவிட்டு, மறுபடியும் அவிழ்த்து முதலிலிருந்து தொடங்குவார்.

அண்ணனின் மனைவியை எங்கள் பக்கம் மயினி என்போம். அண்ணன் வளைகுடாவில் இருந்தான். மயினி பாலராமபுரத்தில் ஒரு கடையில் நாளெல்லாம் மலையாளத்தில் பேசிச் சேலை விரித்துக் காட்டிவிட்டு வருவார். பாறசாலை தாண்டி எங்கள் நிறுத்தத்துக்கு பஸ் ஐந்தே முக்காலுக்கு வரும். வீடு ஐந்து நிமிட நடை. அவர் வருவதோ ஆறரைக்கு. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த இடைவெளி தொண்டையில் முள்ளாக நின்றது. கணவன் கடல் கடந்திருக்கும் பெண்மீது ஊருக்குக் கண் அதிகம். வீட்டுக்குள் அந்தக் கண் நான்.

பின்தொடர்ந்தேன். வழியிலுள்ள சர்ச்சின் பின்படியில் உட்கார்ந்திருந்தார். பின்வாசல் தகரக் கதவின் ஓட்டை வழியே அவர் கைகளும் குடையும் மட்டுமே தெரிந்தன. நான்கு நாள் நின்றேன். யாரும் வரவில்லை. வரவேண்டிய ஆள் உஷார் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனில் கூப்பிட்டபோது, "மயினி பஸ்ஸெறங்கி வீடு சேர முக்கா மணிக்கூர் ஆவுது. எங்க போறாவன்னு தெரியாது" என்று பற்றவைத்தேன். எங்கே என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்து போனை வாங்கி அண்ணனிடம் பேசிவிட்டு வந்த மயினியின் கண் சிவந்திருந்தது.

"கதவுக்கு அடியில உனக்க செருப்பு தெரிஞ்சுது மக்கா. காலையிலே தொட்டு கடையில பேசிப் பேசி வாய் களைச்சுப் போவுது. வீட்டுல சிரிச்ச முகமாட்டு நுழையணும்னா கொஞ்ச நேரம் ஒரு வார்த்த மிண்டாம இருக்கணும். அதுக்காக்கும்."

நான் அதையும் நம்பவில்லை.

மறுநாள் முதல் நேரே வந்தார். குடையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு அடுக்களைக்குள் போவார். கடைக்கு வந்தவர்களைப் போலப் பேசிக் காட்டி இரவுச் சாப்பாட்டில் எங்களைச் சிரிக்க வைத்தவர், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். அண்ணன் ஊரோடு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு திரும்பவில்லை. அதைப் பிடுங்கியவள் நான்தான்.

இப்போது நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வருகிறவர்களிடம் விவரம் கேட்டுச் சீட்டு எழுதுகிறேன். மாலை ஐந்து மணிக்கு இன்னொரு மனிதக் குரல் கேட்டால் அழுதுவிடுவேன் போலிருக்கும். புகுந்த வீடும் அதே ஊர்தான். அதே படியில் உட்கார்ந்து குடையை மடிக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நேற்று தகரக் கதவுக்கு அடியில் ஒரு ஜோடி செருப்பு. என் கணவரின் தங்கையுடையது.

"வா மக்கா, இங்க வந்து இரி" என்றேன்.

செருப்பு ஓடிவிட்டது. வீட்டில் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். குடையை அவிழ்த்து, மறுபடியும் முதலிலிருந்து மடித்தேன்.