டேங்க் மூடியின் திருகு

பள்ளிபாளையத்தில் நான் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு மெக்கானிக். காவிரியில் மீன் பிடிக்கும் ஒரு பெரியவர் தன் படகு மோட்டாரை என்னிடம் சர்வீஸுக்குக் கொடுத்திருந்தார். ஆயிரம் அடி துளை போடும் எஞ்சினைப் பிரிக்கிறவனுக்கு அது பொம்மை மாதிரி. வேலையை முடித்து, மோட்டாரையும் பெட்ரோல் டேங்கையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு போய்ப் படகில் மாட்டினேன். ஓட்டிப் பார்க்க இருவரும் கிளம்பினோம்.

ஐந்து நிமிஷம் ஜோராக ஓடியது. நடு ஆற்றில் இழுவை குறைந்து, திணறி நின்றது. கொஞ்ச நேரம் விட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தால் கிளம்பும், மறுபடியும் திணறும். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

“கண்ட பெட்ரோலையும் ஊத்துனா எப்படிங்க ஓடும்?” என்று கத்தினேன். அவர் வயசுக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அவர் முன்பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துடுப்புப் போட்டார்.

பெட்ரோலை மோந்து பார்க்க டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. காற்று உள்ளே போகவென்றே மூடியின் மேல் ஒரு சின்னத் திருகு உண்டு. அது இறுகியிருந்தால் மோட்டாருக்குப் பெட்ரோல் சரியாகப் போகாது. மொபெட்டில் சிந்தக் கூடாதென்று காலையில் அதை இறுக்கியவன் நான்தான்.

சத்தமில்லாமல் தளர்த்திவிட்டு மோட்டாரை இழுத்தேன். கரை வரைக்கும் திணறவே இல்லை.

“என்ன சாமி பண்ணுனீங்க?” என்று பெரியவர் கேட்டார்.

“கார்புரேட்டர்ல குப்பைங்க. எடுத்துட்டேன்.”

“இனிமே வேற பங்க்குல வாங்கறேனுங்க. என் தப்புக்கு உங்களை வெயில்ல காய உட்டுட்டனுங்க.”

“பரவால்லைங்க” என்றேன்.