நனையாத துவாய்

"அண்ணன், உங்கட பல்லு கோயில்ல விழுந்திட்டு."

சொல்லிப்போட்டு ஒரு கைலேஞ்சிய மேசையில விரிச்சா. உள்ளுக்க நான் செஞ்ச மேல் பல்லு செட்டு, கோயில் மணலோட கிடந்திச்சு.

நான் மட்டக்களப்பு டவுன்ல ஒரு பல்லு டொக்டர்ட கிளினிக்குக்குப் பின்னால, சின்ன லேப் ஒண்டுக்குள்ள இருபத்தாறு வருசமா கட்டுப்பல்லு செய்யிறவன். என்ட மேல் வரிசையில ரெண்டு பல்லு இல்ல. கேக்கிற ஆக்களுக்கு, சாம்பிள் போட்டுக் காட்ட இடம் விட்டு வெச்சிரிக்கன் எண்டு சொல்லுறது. இந்த வேலைக்குப் புதுசா வந்த புள்ளைகள் அனுபவத்த எழுதித் தாங்க எண்டு கேட்டாங்க. கெட்டித்தனத்த எழுத வேற ஆக்கள் இரிக்காங்க. நான் பிழை விட்ட கதைய எழுதுறன்.

1. பழகணும்

வந்தவ மலர். குருக்கள்மடம், தையல் வேலை, வயசு நாப்பத்தெட்டு. மேல் பல்லு முழுக்க சொத்தையாகிக் கழட்டினது. அந்த வயசுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். முதல் நாள் அளவெடுக்க வந்த நேரமே, "எத்தின போத்தல் டொபி முடிச்சீங்க தங்கச்சி?" எண்டு கேட்டன். வாயப் பொத்திக்கொண்டு சிரிச்சா. டொபி பெரிசாத் தின்னுறதே இல்லயாம். நான் நம்பல்ல.

அவட ஊர்ல குரவை எண்டா மலர்தான். அம்மன் கோயிலோ கலியாண வீடோ, பொம்புளைகள் நாக்கச் சுழட்டி எடுக்கிற அந்தச் சத்தத்த அவதான் தொடங்கி வெக்கணும், மத்த ஆக்கள் பிறகுதான் சேருவாங்க. அப்பிடிக் குரவை போடக்குள்ளதான் செட்டுக் கழண்டு விழுந்திரிக்கு. ரெண்டு மாசத்தில மகள்ட கலியாணம் வேற.

"தாலி கட்டக்குள்ள நான் குரவை போடணும் அண்ணன். அதுக்கு மட்டும் நிண்டாப் போதும்."

ரிலைன் பண்ணிக் குடுத்தன். செட்டுக்கு உள்பக்கம் புதுசா அக்ரிலிக் போட்டு இறுக்கமாக்கிற வேலை அது. மூணாம் நாள் திரும்பி வந்தா. கதைச்சாலே விழுதாம். "பழகணும் தங்கச்சி" எண்டன். நம்மட தொழில்ல பிழை எங்க எண்டு தெரியாட்டி சொல்லுற சொல்லு அதுதான். அதோட விடாம, வாயத் தொறக்காம குரவை போட ஏலாதா எண்டு பகிடியும் விட்டன். அந்த முறையும் சிரிச்சா. ஆனா கொஞ்சம் பிந்தித்தான் சிரிச்சா.

2. வெள்ளைத் தூள்

மறுகா புதுசா அளவெடுத்து ரெண்டாவது செட்டுச் செஞ்சன். நம்மட டொக்டர் இளம் பொம்புளப் புள்ள, என்ன அண்ணன் எண்டுதான் கூப்பிடுற. செட்ட மலர்ட வாயில போட்டு, பத்து நிமிசம் கடிச்சுக்கொண்டு இரிக்கச் சொல்லி, பிறகு கழட்டி என்ட கையில தந்தா. என்ட தோள்ல எப்பவும் ஒரு துவாய் கிடக்கும். வாயில இரிந்து வாற எதையும் அதில துடைக்கிறது பழக்கம். அண்டைக்கும் துடைச்சன். துவாயில சோக்குத் தூள் மாதிரி வெள்ளையா ஒட்டிச்சு.

அது பிளாஸ்டர் தூள். அச்சில இரிந்து எடுத்த செட்ட நான் ஒழுங்காக் கழுவல்ல. டொக்டர் கண்டா ஏசுவா எண்டு மறைக்கப் போனவன், அப்பிடியே நிண்டன். பத்து நிமிசம் ஒரு ஆள்ட வாயில கிடந்த செட்டில, தூள் எப்பிடிக் காஞ்ச தூளாவே இரிக்கும்? துவாயத் தடவிப் பாத்தன். ஈரமே இல்ல.

மேல் செட்டப் புடிச்சு வெக்கிறது எச்சில்தான். ரெண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவில ஒரு துளி தண்ணி விட்டா ஒட்டும். காஞ்சா வழுக்கி விழும். இது எனக்கு இருபத்தாறு வருசமாத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சும்மா அக்ரிலிக்கத் தேய்ச்சுக்கொண்டு இரிந்திரிக்கன்.

துவாயக் கொண்டுபோய் டொக்டருக்குக் காட்டினன். கழுவாததுக்கு முதல்ல ஏச்சு விழுந்திச்சு. பிறகு கதிரைய இழுத்துப் போட்டு மலருக்குப் பக்கத்தில இரிந்தா.

"சோறு தின்னக்குள்ள தண்ணி வேணுமா அக்கா?"

"தண்ணி இல்லாட்டி ஒரு வாயும் இறங்காது. வெக்கைக்கு எண்டு நினைச்சன்."

"கண்ணு?"

"மணல் கொட்டின மாதிரி உறுத்தும். அது வாவிக் காத்துக்கு."

காலையில விரல மடக்க ஏலாதாம். அது தையல் மெசினுக்காம். எல்லாத்துக்கும் ஒவ்வொரு காரணம் வெச்சிரிந்தா. கண் கிளினிக்குல கண்ண மட்டும் சொல்லியிரிக்கா, எங்களிட்ட பல்ல மட்டும். எங்களிட்ட ஏன் மத்ததச் சொல்லல்ல எண்டு டொக்டர் கேட்டா.

மலர் என்னப் பாக்காமச் சொன்னா. "பல்லுக்கு வந்த இடத்தில கண்ணப் பத்திக் கதைச்சா சிரிப்பாங்க, டொக்டர்."

அப்பிடிச் சிரிக்கிற ஆள் அந்த அறைக்குள்ள ஒராள்தான் இரிந்தான். முன்னால ரெண்டு பல்லு இல்லாதவன்.

3. குரவை

டொக்டர் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் குடுத்தா. அங்க ரத்தம் எடுத்தாங்க. கண் மடல்ல ஒரு கடதாசித் துண்டக் கொழுவி அஞ்சு நிமிசம் பாத்தாங்களாம், அது நனைஞ்சதும் நனையாத மாதிரித்தான். வாயில கீழ்ச் சொண்டுக்கு உள்பக்கம் துளி சதை வெட்டியும் சோதிச்சாங்க. ஷோகிரன் எண்டு ஒரு வருத்தம். நோயோட சண்டை புடிக்க உடம்பு வெச்சிரிக்கிற படை, ஆள் மாறி, கண்ணீரும் எச்சிலும் சுரக்கிற இடத்துக்கே அடிக்குதாம். விரல் நோவும் அதாலதானாம்.

"என்ட வீட்டு நாயே என்னக் கடிச்சிரிக்கு அண்ணன்" எண்டா மலர்.

பல்லு சொத்தையானதும் அதாலதான். எச்சில் இல்லாட்டி பல்லக் காப்பாத்த ஒண்டும் இல்ல. டொபிக் கதைக்கு மன்னிப்புக் கேட்டன். "இப்ப ஒண்டு தாங்க, இனிப் பழுதாக மேல் பல்லு இல்லயே" எண்டு சொல்லிச் சிரிச்சா. இந்த முறை பிந்தல்ல.

முழுசா மாறுற வருத்தம் இல்ல. குளிசை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, கையில எப்பவும் தண்ணிப் போத்தல். செட்ட நனைச்சு, எச்சிலுக்குப் பதிலாப் பூசுற ஜெல்லப் பூசிப் போடச் சொன்னன். கதைக்கலாம், மெதுவாச் சாப்பிடலாம், குரவைக்கு நிக்கும் எண்டு மட்டும் என்னால சொல்ல ஏலாது எண்டன். அதுக்கு அவ, கலியாணத்துக்கு வருவீங்களா எண்டு கேட்டா.

போனன். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முதல் மலர் கண்ணுக்குச் சொட்டு விட்டு, வழிஞ்சதத் துடைச்சா. பக்கத்தில நிண்ட ஒரு மனிசி, "என்னத்துக்குகா அழுற? மகளா போறா, மாப்பிள்ளைதானே இஞ்ச வாறான்" எண்டு ஆறுதல் சொல்லிச்சு. நம்மட பக்கம் மாப்பிள்ளைதான் பொம்புள வீட்டுக்கு வாறது.

ஐயர் தாலிய மாப்பிள்ளைட்டக் குடுக்கத் தூக்கின நேரம், மலர் கூட்டத்த விலக்கிக்கொண்டு என்னட்ட வந்தா. மற்றப் பக்கம் திரும்பிச் செட்டக் கழட்டினா. ஈர லேஞ்சியில சுத்தி என்ட கையில வெச்சு, "இத ஒருக்காப் புடிங்க அண்ணன்" எண்டா. தண்ணிய ஒரு வாய் குடிச்சிப்போட்டுப் போய் மகளுக்குப் பின்னால நிண்டா.

பொம்புளைகள் எல்லாரும் அவவத்தான் பாத்துக்கொண்டு நிண்டாங்க. வாய்க்குக் கை வெச்சு மறைச்சா. முதல்ல வெறும் காத்துத்தான் வந்திச்சு. மகள் குனிஞ்ச தலைய நிமித்தித் திரும்பிப் பாத்திச்சு. மலர் இன்னொரு வாய் தண்ணி குடிச்சா. பிறகு வந்திச்சு. நீளமில்ல, பழைய கூர்மையும் இல்ல, ஆனா குரவைதான். அது முடிய முந்தி மத்த எல்லாரும் எடுத்தாங்க. பந்தலே அதிர்ந்திச்சு. நான் செஞ்ச செட்டுகள்ல திறமான செட்டு அந்த நேரம் என்ட சேட்டுப் பைக்குள்ள கிடந்திச்சு.

புள்ளைகள், இதுதான் நான் படிச்சது. செட்டத் துடைச்சாத் துவாயப் பாருங்க. காஞ்சிரிந்தா அக்ரிலிக்கத் தேய்க்காதீங்க, டொக்டரக் கூப்பிடுங்க. சோறு இறங்குதா, கண்ணு உறுத்துதா, விரல் மடங்குதா எண்டு கேளுங்க. வந்த ஆள் சொல்லி முடிக்கிறவரைக்கும் பகிடிய அடக்கி வைங்க. எனக்கு இன்னமும் அது கஷ்டம்தான்.

தாலி கட்டி முடிஞ்ச கையோட மலர் திரும்பி வந்து கைய நீட்டினா.

"என்ட பல்லத் தாங்க அண்ணன், படம் எடுக்கக் கூப்பிடுறாங்க."