தொண்ணூற்றெட்டும் தொண்ணூற்றைந்தும்

ஆரோக்கியம் யோசிக்கும்போது அவருடைய வலது கைக் கட்டைவிரல் நடக்கத் தொடங்கிவிடும். சுண்டுவிரலின் அடிக்கணுவில் கிளம்பி மேலேறும், நுனியில் ஒரு நொடி நிற்கும், அடுத்த விரலுக்குத் தாவும். விரலுக்கு மூன்று கணு, நாலு விரலுக்குப் பன்னிரண்டு. கணுவுக்கு ஒரு ராஜா. வரப்பில் நடக்கும்போதும், கோயில் மணியை அடித்துவிட்டுக் கயிற்றைக் கட்டும்போதும் பழைய ஏற்பாட்டு ராஜாக்கள் அவர் கையில் பட்டம் ஏறி, ஆண்டு, செத்துக்கொண்டிருப்பார்கள்.

பாகூருக்குத் தெற்கே ஒரு சேரி. அங்கே ஓலை வேய்ந்த மாதா கோயிலுக்கு அவர் உபதேசியார். வாரத்தில் ஆறு நாள் கரும்பு வெட்டுவார், ஏழாம் நாள் பிள்ளைகளுக்கு வேதக் கதை சொல்வார். கடலூர்ப் பக்கத்துப் புரோட்டஸ்டாண்ட் ஒருவரிடம் வாங்கிய வேதாகமம், பங்குச் சாமியார் கண்ணில் படாமல் குதிருக்குள் கிடந்தது. மீசை மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டது. சேரியில் மேல்நோக்கி முறுக்கிய மீசை அவர் ஒருவருக்குத்தான். மேலத்தெருக்காரர்கள் இரண்டு முறை எடுக்கச் சொன்னார்கள். இரண்டு முறையும் சிரித்தார், எடுக்கவில்லை.

1937ஆம் வருஷம், தை மாதம். ஒரு பிறப்பைப் பதிவு செய்ய அவர் மேரிக்குப் போயிருந்தார். பிரெஞ்சு ஆட்சியில் ஊராட்சி ஆபீசுக்கு அதுதான் பேர். வெளித்தாழ்வாரத்தில் சுப்பராயலு உட்கார்ந்திருந்தான். நூறு காணி நிலத்துக்கு ஒரே வாரிசு. புதுச்சேரியில் படித்துவிட்டு, சாமியும் இல்லை சாதியும் இல்லை என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவன்.

"ஆரோக்கியம், கூட்டல் தெரியாதவன்தான் உங்க வேதத்த எழுதினானா?"

"இன்னா சின்னய்யா?"

"ஐயாவாவது கொய்யாவாவது. தோழர்னு கூப்புடு."

"சரி, சின்னய்யா தோழரே, இன்னா கேட்டீங்க?"

சுப்பராயலு பிரெஞ்சில் ஏதோ படித்துவிட்டுத் தயாராக வந்திருந்தான். "நாடு ரெண்டா பொளந்துச்சு. தெக்க யூதா, வடக்க இஸ்ரவேல். ரெண்டு பக்கமும் ஒரே வருஷத்துல புது ராஜா. பின்னாடி யெகூன்னு ஒருத்தன் ரெண்டு பக்கத்து ராஜாவையும் ஒரே நாள்ல தீத்துட்டான். சரியா?"

"சரி."

"தொடக்கம் ஒண்ணு, முடிவு ஒண்ணு. நடுவுல ஒவ்வொருத்தனும் ஆண்ட வருஷத்தக் கூட்டு. தெக்க தொண்ணூத்தஞ்சு வருது, வடக்க தொண்ணூத்தெட்டு வருது. மூணு வருஷம் எங்கே போச்சு?"

கட்டைவிரல் நடந்தது. ஒருமுறை போய், திரும்பி வந்து, மறுபடி போயிற்று. கணக்கு அவன் சொன்னதுதான்.

"கணக்கு ஒதைக்குதுன்னா மீசைய எடுத்துடுங்க உபதேசியாரே" என்றான் குமாஸ்தா சாமிநாதன். தாழ்வாரமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் ஒரு சவரக்கத்தி இருப்பது ஆரோக்கியத்துக்குத் தெரிந்தது.

"அடுத்த சந்தைக்குள்ள நேராக்கலன்னா எடுத்துடறேன்" என்றார். "நேராச்சுன்னா, சின்னய்யா எங்க வூட்ல ஒரு வேள சாப்புடணும்."

மேடையில் பேசியதெல்லாம் திரும்பி வந்து எதிரே நின்றதுபோல் சுப்பராயலு ஒரு கணம் விழித்தான். "சாப்புடறேன்" என்றான்.

ஐந்து நாள் ஓடிற்று, கணக்கு நகரவில்லை. ஆறாம் நாள் திருவாண்டார்கோயிலிலிருந்து மைத்துனன் இருசப்பன் வந்தான். ஆரோக்கியத்தின் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, "செசீலிக்கு வயசு இன்னா ஆவுது?" என்றான்.

"ஆறு" என்றாள் மனைவி மணியம்மாள்.

"அஞ்சு" என்றார் ஆரோக்கியம்.

"பொறந்த வருஷத்தத் தண்ணியிலயா உட்டுட்ட? எங்கூர்ல நடக்கற வருஷத்தயும் சேத்துத்தான் சொல்வோம்" என்றாள் அவள்.

"எங்கூர்ல முடிஞ்சாத்தான் வருஷம்."

"அப்ப உங்கூருக்கு அஞ்சு, எங்கூருக்கு ஆறு. புள்ள ஒண்ணுதானே?" என்றான் இருசப்பன்.

ஆரோக்கியம் குதிருக்குள் கையை விட்டார்.

வடக்கத்தி ராஜாக்களுக்கு மணியம்மாள் ஊர்க் கணக்கு என்று வைத்துக்கொண்டால்? ராஜா ஆடியில் சாகிறான். அந்த வருஷம் அப்பனுக்கும் ஒன்று, பட்டம் ஏறிய மகனுக்கும் ஒன்று. ஒரே வருஷத்தை இரண்டு பேர் தின்றுவிடுகிறார்கள். ஏழே நாள் ஆண்ட ஒருவனை விட்டால் வடக்கே எட்டு ராஜா. ஆளுக்கு ஒன்று கழித்தால் தொண்ணூறு.

துள்ளிக் குதித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தெற்கே இன்னும் தொண்ணூற்றைந்து. மூன்று இடித்தது போய் இப்போது ஐந்து இடிக்கிறது.

மறுபடி புரட்டினார். தெற்கே ஆசா என்ற ராஜா. முப்பத்தொன்பதாம் வருஷம் காலில் நோய், நாற்பத்தொன்றில் சாவு. நடக்க முடியாதவன் மூன்று வருஷம் எப்படி ஆண்டான்? மகன் யோசபாத்து ஆட்சியைப் பார்த்திருப்பான். பார்த்ததைத் தன் கணக்கிலும் சேர்த்திருப்பான். மூன்று போயிற்று. மிச்சம் இரண்டு.

"இன்னும் ரெண்டு ராஜாதான் மணி. யோசபாத்து மவன் ஒருத்தன், பேரன் ஒருத்தன். இவனுங்களும் உங்கூர் மாதிரி எண்ணினா சரியாப்பூடும். ஆனா இவனுங்க தெக்கத்தியானுங்க, ஏன் எண்ணப் போறானுங்க?"

அவள் கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். "அந்த மவன் பொண்ணு எங்க எடுத்தான்?"

அவர் விரலை வைத்துப் படித்தார். வடக்கே. ஆகாபு ராஜாவின் மகள்.

"அப்பறம் இன்னா? பொண்டாட்டி வூட்டுக் கணக்கு வந்திருக்கும். நமக்குக் கண்ணாலம் ஆயி எத்தினி வருஷம்னு எங்கப்பாரு கேட்டா நீ எந்தூர்க் கணக்குல சொல்ற?"

இருசப்பன் சிரித்த சிரிப்பில் குழந்தை மடியிலிருந்து வழுக்கி விழுந்தது.

சந்தை நாளன்று மேரித் தாழ்வாரத்தில் நிற்க இடமில்லை. ஆரோக்கியம் சொல்லச் சொல்லச் சாமிநாதன் சாக்கட்டியால் தரையில் எழுதினான். வடக்கே தொண்ணூறு. தெற்கே தொண்ணூறு.

சுப்பராயலு விடவில்லை. "அப்பனுக்குக் கால் நோவுன்னா மவன் ஆண்டான்னு எழுதியிருக்கா?"

"உங்கப்பாருக்கு முட்டி வலி வந்ததுலருந்து களத்துல நெல் அளக்கறப்ப யாரு நிக்கறது?"

"நான்தான்."

"பண்ணையாரு யாரு?"

"எங்கப்பாதான்."

"பின்னாடி ஒரு நாள் நீங்க பண்ணயம் பாத்தது எத்தினி வருஷம்னு கேட்டா, இந்த வருஷத்த உட்டுட்டுச் சொல்வீங்களா?"

சுப்பராயலு பெரிதாகச் சிரித்துவிட்டான். "எத்தினி மணிக்கு வரணும்?"

மறுநாள் உச்சிவேளையில் வந்தான். சேரி முழுக்க வாசலில் நின்று பார்த்தது. மணியம்மாள் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். முதல் உருண்டையை விழுங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, காரம் என்றான். இரண்டாவது உருண்டை கேட்டான். ஆரோக்கியம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அதற்கு மறுநாளும் வந்தான். அதற்கு அடுத்த நாளும். "பந்தயம் ஒரு வேளைக்குத்தானே?" என்று அவள் உள்ளே முணுமுணுத்தாலும், கிணற்றடியில் தன் குழம்பின் ருசியைப் பற்றிப் பேசாத நாளில்லை. பதினோரு நாள் அப்படி வந்தான். பிறகு புதுச்சேரிக்குப் போய்விட்டான்.

மாசி பாதி கழிந்த பிறகுதான் சாமிநாதன் சொல்லித் தெரிந்தது. சேரியில் சாப்பிட்ட அன்றே சுப்பராயலுவின் அம்மா கனகாம்பாள், தலை முழுகித் தீட்டுக் கழித்தால்தான் அடுப்பங்கரைப் பக்கம் வரலாம் என்று சொல்லிவிட்டாளாம். கழிக்க மாட்டேன் என்று அவனும் சொல்லிவிட்டானாம். அந்தப் பதினோரு நாளும் அவனுக்கு வேறு எங்கேயும் சோறு இருக்கவில்லை.